தூண் போலிருந்த சுவர்

கட்டடத்தை அதன் விவரங்களோடு கணினியில் உருவாக்கும் கட்டடத் தகவல் மாதிரியாக்கத்தை, சுருக்கமாகப் பிம் பாடத்தை, இளநிலை மாணவர்களுக்கு நடத்தத் தொடங்கிய முதல் பருவத்தில், அதற்கான ரெவிட் மென்பொருளைத் திறந்து எந்தப் பொத்தான் எதற்கு என்று வாரக்கணக்கில் காட்டினேன். பருவ முடிவில் எல்லோரும் கண்ணைப் பறிக்கும் கட்டடங்களோடு வந்தார்கள். ஒரு மாணவியிடம், "தூண்களுக்கு எவ்வளவு கான்கிரீட் ஆகும்?" என்று கேட்டேன். அளவுப் பட்டியலை எடுத்தாள். அதில் ஒரு தூண்கூட இல்லை. சுவர்க் கருவியால் குட்டை குட்டையாக இழுத்துத் தூண் செய்திருந்தாள். கண்ணுக்குத் தூண், கணினிக்குச் சுவர். பிழை அவளுடையதல்ல, நான் வரையத்தான் கற்றுக்கொடுத்திருந்தேன்.

அதன் பிறகு முதல் இரண்டு வகுப்புகளில் கணினியைத் தொடுவதில்லை. வகுப்பறைக் கதவைக் காட்டி, இதைப் பற்றி யாருக்கு என்ன தெரிய வேண்டும் என்று எழுதச் சொல்கிறேன். கட்டடக் கலைஞருக்கு அகலமும் திறக்கும் பக்கமும், மதிப்பீட்டாளருக்கு எண்ணிக்கை, தீப்பாதுகாப்பைப் பார்ப்பவருக்கு அது எத்தனை நிமிடம் நெருப்பைத் தாங்கும் என்பது, பத்து ஆண்டு கழித்துப் பராமரிப்பவருக்குப் பூட்டின் வகை. பலகை நிரம்பியதும், 1975இல் அமெரிக்க ஆய்வாளர் சார்லஸ் ஈஸ்ட்மன் முன்வைத்த கருத்தைச் சொல்வேன்: கட்டடத்தின் விவரம் ஓரிடத்தில் இருந்தால், மாற்றத்தை ஒருமுறை செய்தால் போதும், எல்லா வரைபடங்களும் தாமாக மாறிக்கொள்ளும்.

அடுத்தது குழுப்பணி. கட்டடக் கலை, கட்டமைப்பு, குழாய் மற்றும் மின்பணி என்று மூன்று குழுக்கள். பொதுவான தொடக்கப் புள்ளியைப் பேசி வைக்காவிட்டால், மாதிரிகளை இணைக்கும் நாளில் கட்டடம் ஓரிடத்திலும் தூண்கள் வேறெங்கோவும் நிற்கும். இதை நான் முன்கூட்டியே சொல்வதில்லை. கொஞ்சம் கொடுமைதான்.

மாதிரிகள் ஒருவழியாகப் பொருந்தியதும் நேவிஸ்வொர்க்ஸ் மென்பொருளில் மோதல் சோதனை, அதாவது எந்தப் பொருள் எதற்குள் புகுந்து நிற்கிறது என்று தேடுவது. நூற்றுக்கணக்கில் மோதல்கள் வந்து விழும், முகங்கள் வாடும். பலவும் வெறும் இரைச்சல், ஒரே தவறின் பத்துப் பிரதிகள். அவற்றைக் களைந்தபின் மிஞ்சுவதை வைத்துக்கொண்டு யார் விலகுவது என்று வாதாடவிடுங்கள். கழிவுநீர்க் குழாய் சரிவை நம்பி ஓடுவது, நினைத்தபடி மேலே தூக்க முடியாது. அழுத்தத்தில் ஓடும் நீர்க்குழாய் வளைந்து போகலாம். உத்தரத்தில் துளையிட்டுக்கொள்கிறோம் என்று யாராவது சொன்னால் கட்டமைப்புக் குழு எழுந்து நின்றுவிடும். பருவத்திலேயே எனக்குப் பிடித்த வகுப்பு இதுதான்.

வெவ்வேறு மென்பொருள்கள் மாதிரிகளைப் பரிமாறிக்கொள்வதற்கான பொதுக் கோப்பு வடிவமான ஐஎஃப்சியை விரிவுரையில் விளக்கி நேரத்தை வீணாக்க வேண்டாம். மாதிரியை அதில் ஏற்றுமதி செய்து வேறொரு மென்பொருளில் திறக்கச் சொன்னால், எது தொலைந்தது என்று அவர்களே பார்த்துவிடுவார்கள்.

பளபளக்கும் தோற்றப் படங்களுக்கு இப்போது மதிப்பெண் கிடையாது. தேர்வில், தவறுகளை ஒளித்துவைத்த ஒரு மாதிரியைத் தந்து கண்டுபிடிக்கச் சொல்கிறேன். சுவராக வரைந்த தூண் ஒன்று அதில் எப்போதும் இருக்கும். பட்டியலைத் திறந்தவர்களுக்கு அது சில நிமிடங்களில் அகப்பட்டுவிடுகிறது. படத்தைச் சுழற்றிச் சுழற்றிப் பார்ப்பவர்களுக்குக் கடைசிவரை சிக்குவதில்லை.