வண்டிக்கு வீட்லயே செஞ்ச கூரை, மேல சோலார்

பழைய பிக்கப்ப கேம்பரா, அதாவது உள்ளயே தங்கிட்டு ஊர் சுத்துற வண்டியா மாத்துறதுல என்னைய ரொம்ப படுத்துனது கூரைதாங்க. தகரம் போட்டா உள்ள அடுப்பு மாதிரி கொதிக்கும், மொத்த ப்ளைவுட்னா வெயிட்டு ஏறி வளைவுல வண்டி ஆடும், அதனால 50 மிமீ எக்ஸ்பிஎஸ் ஃபோம (தெர்மாகோல் மாதிரி, ஆனா கெட்டியான பலகை) நடுவுல வச்சு ரெண்டு பக்கமும் 4 மிமீ ப்ளைவுட் ஒட்டி மேல ஃபைபர்கிளாஸ் துணி போட்டேன். 8க்கு 5 அடி, ஃபோம் மட்டும் ஆறு கிலோ கூட வரல!

ஒண்ணு மறந்துராதீங்க, ஃபைபர்கிளாஸ் துணிய ஒட்டுற பாலியஸ்டர் ரெசின் (பிசின்) ஃபோம்ல பட்டா, ரெசின்ல இருக்குற ஸ்டைரீன்ங்கிற ரசாயனம் ஃபோம கரைச்சிடும். துண்டுல ஊத்திப் பாத்தேன், பள்ளமே விழுந்துருச்சு. எபாக்ஸி ரெசின்தான் வாங்கணும், விலைய நெனச்சாதான் வயிறு எரியுது.

சோலார் பேனல் போல்ட் வர்ற எடத்துல ஃபோம வெட்டிட்டு மரக்கட்டை வைங்க, இல்லன்னா முடுக்க முடுக்க ஃபோம் அமுங்கிட்டே போகும். பேனலுக்கு அடியில காத்து போக ரெண்டு இஞ்ச் இடைவெளி விட்ருக்கேன், சூடு ஏறுனா கரண்ட் கொறையும்ல. வளையிற பேனலுக்கு வெயிட்டு கம்மி, ஆனா கூரையோட ஒட்டிட்டா அந்த இடைவெளியே இருக்காது, அதான் வேணாம்னுட்டேன்.

அடுத்த வாரம் வயரிங்.