1014 பவுண்ஸ் தண்டம் 210 ஆன விதம்

2024 ஜூன் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை அந்தக் கடிதம் வந்தது. அனுப்பியது டிவிஎல்ஏ, லைசன்ஸும் கார்ப் பதிவும் பார்க்கிற அரச அலுவலகம். என்னுடைய லைசன்ஸ் ரத்தாகிறது, குறிப்பிட்ட தேதியிலிருந்து நான் கார் ஓட்டக்கூடாது என்று முதல் பந்தியிலேயே இருந்தது. லண்டனில் வீடு வீடாகப் போய் வயதானவர்களைப் பராமரிப்பதுதான் என் வேலை. காலை ஏழு மணிக்கு ஒரு வீடு, எட்டரைக்கு அடுத்தது, பத்துக்கு இன்னொன்று. கார் இல்லையென்றால் இந்த வேலை இல்லை. கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் நின்றபடியே நாலைந்து தரம் வாசித்தேன். லைசன்ஸில் ஆறு தண்டனைப் புள்ளிகள் விழுந்திருக்கின்றன என்று எழுதியிருந்தது. எதற்கென்று எனக்கு விளங்கவேயில்லை.

நான் இங்கே சோதனை பாஸ் பண்ணியது 2023 பெப்ரவரியில். பாஸ் பண்ணி இரண்டு வருடத்துக்குள் செய்த குற்றங்களுக்கு ஆறு புள்ளிகள் சேர்ந்தால் லைசன்ஸ் போய்விடும். திரும்ப 'எல்' போர்டிலிருந்து தொடங்க வேண்டும். இது எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் என்னை ஒரு பொலிஸ்காரரும் மறித்ததில்லை, கோட்டிலிருந்து ஒரு கடிதமும் வந்ததில்லை.

கடிதத்தில் இருந்த நீதிமன்றத்துக்கு அடுத்த நாள் போன் எடுத்தேன். முக்கால் மணித்தியாலம் காத்திருந்த பிறகு ஒரு பெண்பிள்ளை பொறுமையாகச் சொன்னார்: 2023 நவம்பரில் 20 மைல் எல்லையுள்ள ஒரு தெருவில் என் கார் 29 மைல் வேகத்தில் போயிருக்கிறது. கமரா பிடித்திருக்கிறது. யார் ஓட்டியது என்று கேட்டு அனுப்பிய கடிதத்துக்குப் பதில் இல்லை. அதற்குப் பிறகு அனுப்பிய நீதிமன்ற அறிவித்தலுக்கும் பதில் இல்லை. அதனால் ஓட்டியவரின் பெயரைச் சொல்லாத குற்றத்துக்குத் தீர்ப்பு முடிந்துவிட்டது. தண்டம் 660, பாதிக்கப்பட்டோருக்கான மேலதிகக் கட்டணம் 264, வழக்குச் செலவு 90. மொத்தம் 1014 பவுண்ஸ்.

எல்லாக் கடிதமும் ஈஸ்ட்ஹாம் வீட்டுக்குப் போயிருக்கின்றன. நான் அந்த அறையை விட்டு ஹாரோ பக்கம் வந்தது 2023 கோடையில். வந்த கிழமையே லைசன்ஸில் விலாசம் மாற்றிவிட்டேன். கார் யாருடைய பெயரில் பதிவு என்று காட்டுகிற கார்ப் புத்தகத்திலும் அது தானாக மாறிவிடும் என்று நினைத்திருந்தேன். மாறாது. இரண்டும் ஒரே அலுவலகத்தில் இருந்தாலும் இரண்டையும் தனித்தனியாக மாற்ற வேண்டும். கமரா பிடித்தால் பொலிசார் பார்ப்பது கார்ப் புத்தகத்தில் இருக்கிற விலாசத்தைத்தான். முதல் கடிதம் என் கைக்குக் கிடைத்திருந்தால் அநேகமாக ஒரு வேகக் கட்டுப்பாட்டு வகுப்போடு முடிந்திருக்கும், புள்ளியே விழுந்திருக்காது. மிஞ்சினால் 100 பவுண்ஸும் மூன்று புள்ளியும். இதை நினைத்து இரண்டு இரவு நித்திரை இல்லை.

தெரிந்த ஒரு அண்ணா, காசு வாங்கிக்கொண்டு இப்படியான வழக்குகளைப் பார்க்கிற ஒருவருடைய நம்பரைத் தந்தார். அவர் 800 பவுண்ஸ் கேட்டார். இந்த மாதிரி வழக்குக்கு அரசாங்கச் சட்ட உதவி பெரும்பாலும் கிடைக்காது. அதனால்தான் எங்கட சனம் கடன்பட்டாவது இப்படியானவர்களிடம் போகிறது. என்னிடம் அந்தக் காசு இல்லை. இலவசமாக ஆலோசனை சொல்கிற சிட்டிசன்ஸ் அட்வைஸ் கிளைக்குப் போய் மூன்று மணித்தியாலம் இருந்தேன். அங்கே தொண்டராக இருந்த ஒரு தம்பி தமிழ்ப் பிள்ளை. கடிதத்தைப் பார்த்ததும் அவர் முதலில் கேட்டது, "அக்கா, இது உங்களுக்கு எண்டைக்குத் தெரிய வந்தது?"

செவ்வாய்க்கிழமை என்றேன்.

"அப்ப இண்டைக்கு நாலாம் நாள். உங்களுக்கு 21 நாள் இருக்கு. அதுக்குள்ள கோட்டில போய், இந்த வழக்கு நடந்ததே எனக்குத் தெரியாது எண்டு சத்தியக் கடதாசி குடுக்க வேணும். குடுத்தால் தீர்ப்பு இல்லாமல் போயிடும். வழக்குத் திரும்ப முதலில இருந்து தொடங்கும்."

அதற்கு நீதிமன்றத்தில் காசு இல்லை. சொலிசிட்டர் ஒருவர் முன்னாலும் செய்யலாம், அதற்குச் சிறு கட்டணம் உண்டு. தெரிந்திருந்தும் தெரியாது என்று சொன்னால் அது தனிக் குற்றம் என்றும் தம்பி விளங்கப்படுத்தினார். எனக்கு உண்மையிலேயே தெரியாது, அதனால் பயமில்லை. வீடு மாறியதற்கான வாடகை ஒப்பந்தம், கவுன்சில் டக்ஸ் கடிதம் இரண்டையும் எடுத்துக்கொண்டு 13ஆம் நாள் போய்ச் சத்தியம் செய்தேன். இரண்டு கிழமையில் லைசன்ஸ் திரும்ப வந்தது. அந்த இடைவெளியில் பஸ்ஸில் ஏறி இறங்கித்தான் வேலைக்குப் போனேன். இரண்டு வீட்டை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

660 எங்கிருந்து வந்தது என்று தம்பியிடம் கேட்டபோது அவர் சொன்ன கணக்கைக் கட்டாயம் எழுத வேண்டும். இங்கிலாந்தில் இப்படியான தண்டம் எல்லாருக்கும் ஒரே தொகை இல்லை. ஒருவருடைய வாரச் சம்பளத்தில் இத்தனை வீதம் என்றுதான் நீதிமன்றம் போடும். ஓட்டியவரின் பெயரைச் சொல்லாததற்குத் தொடக்க அளவு 150 வீதம். நீங்கள் சம்பளத்தைச் சொல்லாவிட்டால் வாரம் 440 பவுண்ஸ் என்று அவர்களே எடுத்துக்கொள்வார்கள். 440இன் ஒன்றரை மடங்கு 660. அந்த நேரம் என் கைக்கு வந்தது வாரம் 260. அரசாங்க உதவிப் பணத்தில் மட்டும் வாழ்கிறவர்களுக்கு 120 பவுண்ஸ் என்று வைத்துத்தான் கணக்குப் பார்ப்பார்கள். ஆக, பதில் எழுதாதவருக்கு, அவர் எவ்வளவு ஏழையாக இருந்தாலும், 440 உழைக்கிறவருக்கான தண்டம்தான். இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாத, அறை அறையாக மாறித் திரிகிற எங்கட ஆட்களுக்கு இது பெரிய அநியாயம் என்று நான் நினைக்கிறேன்.

வருமானத்தைச் சொல்வதற்கு 'எம்சி 100' என்று ஒரு படிவம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மேசையில் பேஸ்லிப், பாங்க் ஸ்டேட்மென்ட், வாடகை ரசீது எல்லாம் பரப்பி வைத்துக்கொண்டு நிரப்பினேன். சம்பளப் பெட்டியில் எழுத வேண்டியது வரியும் நஷனல் இன்சூரன்ஸும் போக மிஞ்சுவது. நான் முதலில் மொத்தச் சம்பளத்தை எழுதிவிட்டு வெட்டித் திருத்தினேன். பிள்ளைக்கு வருகிற சைல்ட் பெனிபிட்டைத் தண்டக் கணக்கில் வருமானமாகச் சேர்ப்பதில்லை. செலவுப் பக்கத்தில் வாடகை, கரண்ட், காருக்கான இன்சூரன்ஸ், ஊரில் அம்மாவுக்கு அனுப்புகிற காசு எல்லாம் எழுதினேன்.

செப்டம்பரில் வழக்கு. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டிருந்தேன், இலவசமாகவே வந்திருந்தார். என்மேல் இருந்தது இரண்டு குற்றச்சாட்டு: வேகமாக ஓட்டியது, பெயர் சொல்லாதது. தம்பி சொல்லித் தந்தபடி, உள்ளே கூப்பிடுவதற்கு முன்னம் அரச தரப்பு வழக்கறிஞரிடம் போனேன். "ஓட்டினது நான்தான், அதை ஒப்புக்கொள்கிறேன். கடிதம் எனக்குக் கிடைக்கவேயில்லை, மற்றதை விலக்கிக்கொள்வீர்களா?" என்று கேட்டேன். கட்டாயம் சம்மதிப்பார்கள் என்றில்லை. அவர் என் வாடகை ஒப்பந்தத்தின் தேதியைப் பார்த்தார், தன் பைலில் எதையோ பார்த்தார், தலையசைத்தார்.

உள்ளே பத்து நிமிடம்கூட இல்லை. மூன்று நீதவான்கள். நடுவில் இருந்த அம்மா என் படிவத்தை முழுக்க வாசித்தார். ஊருக்கு அனுப்புகிற காசைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார். பிறகு சொன்னார்: 20 மைல் தெருவில் 29க்கு வாரச் சம்பளத்தில் பாதி, 130. முதல் சந்தர்ப்பத்திலேயே ஒப்புக்கொண்டதால் மூன்றில் ஒரு பங்கு குறைத்து 86. அதில் 40 வீதம் மேலதிகக் கட்டணம், 34. செலவு 90. மொத்தம் 210 பவுண்ஸ், மூன்று புள்ளி. மாதம் 20 கட்டலாமா என்று கேட்டேன். சரி என்றார்கள். வெளியில் வாங்கில் இருந்து அழுதுவிட்டேன். மொழிபெயர்ப்பாளர் அக்கா தண்ணீர் வாங்கித் தந்தார்.

ஒரு மாதம் கட்ட முடியாமல் போனால் பேசாமல் இருக்கக்கூடாது. தண்டம் வசூலிக்கும் பிரிவுக்குப் போன் எடுத்துத் தவணையை மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம். உதவிப் பணம் எடுக்கிறவர்கள் அதிலிருந்து நேரே பிடிக்கச் சொல்லலாம். கட்டாத காசை வசூலிக்க வீட்டுக்கு வருகிற பெய்லிவ் கைக்குப் போனால் கடிதத்துக்கு மட்டும் 75 பவுண்ஸ், வீட்டுக்கு வந்தால் அதற்கு மேல் 235 என்றுதான் அப்போது இருந்தது. பிள்ளைக்கு அம்மை போட்டு நான் வேலைக்குப் போகாத மாதம் இப்படித்தான் ஒரு தவணையைப் பின்னுக்குத் தள்ளினேன். ஐந்து நிமிடக் கதை.

போன கிழமை எங்கட வேலையிடத்து அக்கா ஒருவர் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். மடித்து மடித்துப் பழசாகியிருந்தது. ஒருவருக்கும் காட்டாமல் வைத்திருந்திருக்கிறார். எண்டைக்கு வந்தது என்று கேட்டேன். எண்ணிப் பார்த்தால் ஒன்பதாம் நாள். அன்றைக்குப் பின்னேரம் அவருடைய வீட்டுக்குப் போய், பேஸ்லிப் எல்லாவற்றையும் மேசையில் பரப்பச் சொன்னேன்.