ஹட்ச் தெரியல்லையா?

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் ஓட்டோகேட் எண்ட வரைபட மென்பொருள்ல பிளான் கீறுற தம்பி தங்கச்சிமாருக்கு.

ஹட்ச், அதாவது சுவர் மாதிரி இடங்களுக்குள்ள நிரப்புற கோட்டு வடிவம், போட்டும் ஒண்டும் தெரியல்லையெண்டா, முதல்ல ஃபில்மோட் (FILLMODE, நிரப்பைக் காட்டுற அமைப்பு) எண்டு தட்டிப் பாருங்க. 0 இருந்தா 1 ஆக்கி, ரீஜென் (REGEN, படத்தைத் திரும்பக் காட்டுற கட்டளை) குடுங்க. ஹட்ச் இருக்கிற லேயர் ஃப்ரீஸ் ஆகி மறைஞ்சிருக்கா எண்டும் பாருங்க.

அதிகம் பிழைக்கிறது ஸ்கேல்லதான். மெட்ரிக் கோப்பில ஏஎன்எஸ்ஐ31 (ANSI31) எண்ட சாய்கோட்டு ஹட்ச்சில கோடுகளுக்கு நடுவில 3.175 யூனிட். மீற்றர்ல கீறின பிளானில ஸ்கேல் 1 எண்டா கோட்டுக்குக் கோடு 3.175 மீற்றர், 225 மில்லிமீற்றர் சுவருக்குள்ள அங்கொண்டு இங்கொண்டுதான் விழும். 0.02 போடுங்க. மில்லிமீற்றர் பிளானில அதே 1 போட்டா சுவர் முழுக்கக் கறுப்பு, அதுக்கு 20. ரெண்டிலயும் இடைவெளி 63.5 மில்லிமீற்றர்தான்.

நம்மட பக்கத்து நில அளவைப் படத்துக்கு மேல கீறுறவங்க இதைக் கட்டாயம் கவனிக்கணும். எஸ்எல்டி99 எண்ட இலங்கை நில அளவை ஆள்கூற்றில மட்டக்களப்பு நகரம் கிழக்கு 6 இலட்சம் மீற்றருக்கு மேல, வடக்கு 5 இலட்சத்து 70 ஆயிரத்துக்கு மேல. ஹட்ச் கோடுகளை மென்பொருள் 0,0 இலிருந்து கணக்குப் பண்ணுது. அவ்வளவு தூரத்தில துல்லியம் குறைஞ்சு கோடு உடையும், விலகும், சிலவேளை காணாமலே போகும். எச்பிஒரிஜின் (HPORIGIN, ஹட்ச் தொடங்கிற புள்ளி) குடுத்து வளவின்ட ஒரு மூலையைக் கிளிக் பண்ணிட்டு ஹட்ச் போடுங்க. ஏற்கனவே போட்ட ஹட்ச் எண்டா, அதைத் தெரிவு செஞ்சு செட் ஒரிஜின் (Set Origin) குடுங்க.

படத்தை மட்டும் 0,0க்கு இழுத்திடாதீங்க. ஆள்கூறு போனா எல்லைக்கல்லோட பிளானைத் திரும்பப் பொருத்துறது பெரிய பாடு.