தோர்ஸ்க் தலைக் கூழ்

என் வயது யாழ்ப்பாணத்துப் பெடியன்கள் பலர் சமைக்கப் பழகியது வெளிநாட்டில்தான். வீட்டில் குசினிப் பக்கம் தலை நீட்டினால் "உனக்கென்ன இங்க வேலை, போய்ப் படி" என்பார் அம்மா. அப்படி வளர்ந்த நாங்கள் 1980களின் கடைசியில் நோர்வேயின் வடகோடியில், பின்மார்க்கில், மீன் தொழிற்சாலை விடுதி ஒன்றில் சட்டியும் அகப்பையுமாக நின்றோம்.

நோர்வே எங்களுக்குக் கேள்விப்படாத நாடு இல்லை. குருநகர் அந்தோனி ராஜேந்திரம் 1956இலேயே அங்கே போனவர். பிறகு அவருடைய முயற்சியில், நோர்வேக்காரர் உதவியோடு வந்த சீநோர் மீன்பிடி நிறுவனத்தின் படகும் வலையும் எங்கள் கரைகளில் எல்லோருக்கும் பழக்கம். எண்பதுகளில் நாட்டு நிலைமை கெட்டுப்போக, நிறையப் பேர் நோர்வேயின் விடுதிப் பள்ளிகளுக்கு மாணவராக வந்தார்கள். படிப்பு முடிந்ததும் கைக்கு எட்டிய வேலை வடக்கே மீன் வெட்டுவதுதான். அந்தப் பக்கத்து நோர்வே இளசுகள் தெற்கே நகரங்களைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்கள் விட்ட இடத்தில் நாங்கள்.

எனக்கு வாய்த்த ஊர் போட்ஸ்பியோர். பேரன்ட்ஸ் கடலோரத்துச் சின்னத் துறைமுகம். நவம்பர் கடைசியில் மறைகிற சூரியன் ஜனவரி நடுவில்தான் திரும்ப எட்டிப் பார்க்கும். ஊருக்கு வரும் ஒரே தெரு மலைக்கு மேலால் வருகிறது. பனிப்புயல் என்றால் மூடிவிடுவார்கள், இல்லாவிட்டால் பனி தள்ளும் வண்டிக்குப் பின்னால் வரிசையாகத்தான் போக விடுவார்கள். அப்படியான நாட்களில் ஓஸ்லோவில் இருந்து வரவேண்டிய மிளகாய்த்தூள் பார்சல் எங்கே நிற்கிறதென்று யாருக்கும் தெரியாது. குளிரைக்கூடச் சமாளித்துவிடலாம், தூள் முடிந்த அறையில் இருப்பதுதான் பெரிய கரைச்சல்.

வேலை இப்படி. அடியில் விளக்கு எரிகிற மேசை. அதன்மேல் தோல் உரித்த தோர்ஸ்க் (கொட் மீன்) துண்டு வந்து விழும். வெளிச்சத்துக்கு மீன் கண்ணாடி மாதிரித் தெரியும். உள்ளே பழுப்பு நிறத்தில் ஒரு புழு சுருண்டு கிடக்கும். அதைக் கத்தி நுனியால் தோண்டி எடுத்து, விரலால் தடவி முள்ளும் பார்த்துத் தள்ளிவிட வேண்டும். அடுத்தது வந்துவிடும். காதில் இரைச்சல் மறைக்கும் மூடி, கையில் நூலுறை, அதற்குமேல் ரப்பர் உறை. பின்னேரம் அறைக்கு வந்து கண்ணை மூடினாலும் வெள்ளைத் துண்டுகள்தான் ஓடும்.

அதனால் எங்கள் அறையில் மீனுக்கு இடமில்லை. சமையல் முறை வைத்து நடந்தது. ஒருவர் பருப்பு, ஒருவர் முட்டைக்குழம்பு, சம்பளம் வந்த கிழமை கோழி. என் முறைக்கு நான் வைப்பது பருப்பு. சாப்பிடுவார்கள், நல்லது கெட்டது சொல்ல மாட்டார்கள். மீன் கடலுக்குப் பக்கத்தில், மீனுக்குள்ளேயே வேலை செய்துகொண்டு, உறைய வைத்த கோழிக்குக் காசு கொடுத்த கூட்டம் நாங்கள்.

எனக்கு மனம் ஆறாத விஷயம் ஒன்று இருந்தது, அந்தத் தலைகள். எங்கள் வீட்டில் மீன் வாங்கினால் தலைக்குத்தான் சண்டை வரும். இங்கே நல்ல பெருத்த தலைகள் பெட்டி பெட்டியாக ஒதுங்கும். அந்தக் கரையில் கொஞ்சத் தலைகளை வெளியே மரச்சட்டத்தில் தொங்கவிட்டுக் காய வைத்து நைஜீரியாவுக்கு அனுப்புவார்கள். பள்ளிப் பிள்ளைகள் வந்து நாக்கை மட்டும் வெட்டி விற்றுக் கைச்செலவுக்குக் காசு பார்ப்பார்கள். இவ்வளவு தெரிந்த சனம் தலையில் ஒரு குழம்பு வைக்காதா என்று தோன்றும். ஆனாலும் அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஈரல், சினை, மீன் மூன்றையும் அவித்துச் சேர்த்து 'மொல்யே' என்று ஆசையாகச் சாப்பிடுகிறவர்கள், மீனின் அருமை தெரிந்தவர்கள்தான்.

ஏப்ரல் மாதம். லொத்தே என்கிற சின்ன மீன் முட்டையிடக் கரைக்கு வரும், அதைத் துரத்திக்கொண்டு தோர்ஸ்க் வரும், படகுகள் வந்தபடி இருக்கும். அந்த நேரம் பார்த்து ஓஸ்லோவில் இருந்து கப்பலேறி வந்த ஒருவரின் பையில் ஒடியல் மா இருந்தது. பனங்கிழங்கை அவிக்காமல் பிளந்து காயவைத்து இடித்த மா. கொழும்பு வழியாக எத்தனை கை மாறி வந்ததோ. மாவைக் கண்டதும் "கூழ் நான் காய்ச்சுறன்" என்று சொல்லிவிட்டேன். முன்பு காய்ச்சியதில்லை. அம்மம்மா காய்ச்சும்போது விறகு தள்ளிக் கொடுத்ததோடு சரி.

மேற்பார்வையாளரிடம் கேட்டேன். எவ்வளவு வேண்டுமானாலும் எடு என்றார். இரண்டு தலையும் ஒரு துண்டு ஈரலும் எடுத்துக்கொண்டேன். ஈரல் எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. தோர்ஸ்கின் சதையில் கொழுப்பே கிடையாது, அவ்வளவும் ஈரலில்தான். பாரை மாதிரிச் சட்டியில் எண்ணெய் விடாது.

மாவை முதல் நாளே தண்ணீரில் ஊறவிட்டேன். மேல் தண்ணீரை இறுத்து, மறுபடி விட்டு, கசப்புப் போகும்வரை அப்படியே செய்ய வேண்டும். அம்மியும் இல்லை, அரைக்கிற மெஷினும் இல்லை. செத்தல் மிளகாயை ஊறவைத்துப் பலகையில் பரப்பி, வெறும் போத்தலால் உருட்டி உருட்டி நசித்தேன். விதை அங்கங்கே பறந்தது, கண் எரிந்தது, ஆனால் நிறம் வந்தது. தூளில் அந்தச் சிவப்பு வராது. மரவள்ளிக்குப் பதில் உருளைக்கிழங்கு, பயிற்றங்காய்க்குப் பதில் பெட்டியில் வரும் பச்சை அவரை, முருங்கையிலைக்குப் பதில் உறைய வைத்த கீரை. பலாக்கொட்டைக்கு எதைப் போடுவது? ஒன்றும் போடவில்லை.

ஒரு பிடி அரிசி, கிழங்கு, அவரை கொதித்து வரத் தலைகளைப் பிளந்து போட்டேன். கன்னச் சதை வெள்ளை வெள்ளையாகப் பிரிந்தது, தோலும் சவ்வும் கரைந்து தண்ணீர் தானாகவே கெட்டியாகத் தொடங்கியது. பிறகுதான் மா, மிளகாய், பழப்புளி மூன்றையும் கரைத்து ஊற்றினேன். மா உள்ளே போனால் அகப்பையை விடக் கூடாது, அடிப்பிடித்துவிடும். மின்சார அடுப்பின் தட்டு நிறுத்திய பிறகும் சூட்டை விடாது. மற்றச் சமையலுக்கு எரிச்சல் தருகிற அடுப்பு, கூழுக்கு வாய்ப்பாக இருந்தது. இறால் நோர்வேயில் படகிலேயே அவித்துத்தான் வரும், அதனால் கடைசியில் போட்டுப் புரட்டினால் போதும்.

கூழ் குடிக்கிற பனையோலைப் பிளா கோல ஓலைக்கு எங்கே போவது? கோப்பிக் கோப்பைகளைக் கழுவி வரிசையாக வைத்தோம். பக்கத்து அறைக்காரரும் மணத்துக்கு வந்துவிட்டார்கள். எங்களில் மூத்தவர் பாசையூர் அண்ணை. கடல் தெரிந்த ஆள், வாயைச் சுலபத்தில் திறக்க மாட்டார். ஒரு வாய் உறிஞ்சினார். தலை எலும்பொன்றை எடுத்துச் சூப்பினார். எல்லோரும் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உப்புக் கொஞ்சம் காணாது தம்பி" என்றார். பிறகு, "ஆனா இது கூழ்தான்" என்று கோப்பையை நீட்டினார்.

எனக்கு அது போதும். வேலைத்தளத்தில் மீனைப் பார்த்துப் பார்த்து வெறுத்துப்போன ஆட்கள், முள்ளைக் கையில் பிடித்துச் சூப்பிக்கொண்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு, சட்டியைச் சுற்றி நின்றார்கள். ஒருவன் அகப்பையில் ஒட்டியதை வழித்தான். அன்று முழுக்கத் தோளை நிமிர்த்தித்தான் நடந்திருப்பேன். லைனில் என்னோடு நிற்கும் நோர்வே அம்மா ஒருவருக்கும் ஒரு போத்தலில் கொண்டுபோனேன். முகமெல்லாம் சிவந்து, கிழங்கை மட்டும் பொறுக்கிச் சாப்பிட்டார். மறுநாள் தன் பங்குக்குச் சினை அவிக்கும் பக்குவத்தைச் சொல்லித் தந்தார்.

அதற்குப் பிறகு என் பருப்பு முறை ரத்தாகி, சனிக்கிழமை என் பொறுப்பானது. நானும் சும்மா ஒத்துக்கொள்ளவில்லை, கூழ் காய்ச்சுகிற நாளில் சட்டி கழுவ மாட்டேன் என்று பேசி முடித்தேன். நண்டு மட்டும் குறையாகவே இருந்தது. சோவியத் விஞ்ஞானிகள் 1960களில் பேரன்ட்ஸ் கடலில் கொண்டுவந்து விட்ட ராஜநண்டு பெருகிப் பெருகி பின்மார்க் கரைக்கும் வந்தது. நோர்வேயில் 2002இல்தான் அதைப் பிடித்து விற்கிற தொழில் முறையாகத் தொடங்கியது. அப்போது எங்களில் பாதிப்பேர் ஓஸ்லோவுக்கு மாறிவிட்டார்கள். இப்போது அந்த நண்டின் விலையைக் கேட்டால் கூழ் குடிக்கும் ஆசையே போய்விடும்.

ஓஸ்லோவில் இன்று எல்லாம் கிடைக்கிறது. ஒடியல் மா கிடைக்கிறது, பலாக்கொட்டை உறைய வைத்து வருகிறது, மரவள்ளி வருகிறது. ஒன்றுகூடலில் பெரிய கிடாரத்தில் காய்ச்சுகிறார்கள். ஆனால் மாவை அள்ளிக் கொட்டிக் களி மாதிரி ஆக்கிவிடுகிறார்கள், கரண்டியால் வெட்டிச் சாப்பிட வேண்டியிருக்கிறது. கூழ் உறிஞ்சிக் குடிக்கிற பதத்தில் இருக்க வேண்டும். தலை போட்டால் அந்தப் பதம் பாதி தானாகவே வந்துவிடும், மா குறைவாகப் போதும் என்று சொல்லிப் பார்த்துவிட்டேன். தலை போட்டால் பிள்ளைகள் தொட மாட்டார்களாம். அதனால் வீட்டில் எனக்கென்று தனியாக ஒரு சின்னச் சட்டி.