அருவிக்குத் தண்ணீர் சுமந்த கதை

எங்கள் மாப்பிள்ளைக்கு எதைச் சொன்னாலும் "ஈஸிதான் அத்தை" என்று முடிக்கிற பழக்கம். போன மாதம் வீடியோ காலில், அக்டோபரில் நாங்கள் அமெரிக்கா வரும்போது யூட்டாவில் தானாக உண்டான கல் பாலம் ஒன்றைப் பார்க்கப் போகலாம் என்றார். பாலைவனம்தான், ஆனால் போக வர ஒரு கிலோமீட்டர்கூட இல்லை, ஈஸிதான் அத்தை.

என் வீட்டுக்காரர் காதில் 'பாலைவனம்' மட்டும்தான் விழுந்தது. அன்று ராத்திரியே பழைய டைரி ஒன்று வெளியே வந்தது.

"திருமலையில சிலாதோரணம் பார்த்தோமே, அதுவும் தானா உண்டான கல்லுதானே. அதுக்கு இவ்வளவு தூரம் பறக்கணுமா?" என்றேன். கேட்டிருக்கக் கூடாது. அரைமணி நேரம் பாடம் நடந்தது. மழையும் காற்றும் பனியும் அரித்துப் பாறையில் ஓட்டை விழுந்தால் அது வளைவு. ஓடுகிற ஆறே பாறையைக் குடைந்து வழி பண்ணிக்கொண்டால்தான் பாலம். அங்கே அப்படி மூன்று பாலங்கள் இருக்கின்றன, 1908-லேயே அரசாங்கம் அந்த இடத்தைப் பாதுகாப்பில் எடுத்துக்கொண்டதாம். நாங்கள் போகப்போவது ஒவாச்சோமோ. 180 அடி அகலத்துக்கு வளைந்து, 106 அடி உயரத்தில் நிற்கிறது. மெலிந்த இடத்தில் கனம் வெறும் 9 அடி.

"இப்போ அடியில ஆறு ஓடுதா?"

"இல்ல, அது வேற பக்கம் திரும்பிடுச்சு."

ஆறு இல்லாத இடத்தில் பாலமா என்று வாயெடுத்தேன். பாலம் இருந்தும் ஆற்றைத் தேட வேண்டியிருக்கிற நம்ம சேலத்துத் திருமணிமுத்தாறு ஞாபகம் வர, அடக்கிக்கொண்டேன்.

மாப்பிள்ளை அனுப்பிய குறிப்பில் இரண்டு விஷயங்களுக்கு இவர் அடிக்கோடு போட்டிருந்தார். ஒன்று, வண்டியை விட்ட இடத்திலிருந்து சுமார் 180 அடி கீழே இறங்கிப் பார்த்துவிட்டு, திரும்ப ஏறி வர வேண்டும். இரண்டு, ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர் தண்ணீர் வைத்துக்கொள்ள வேண்டும். முதலில் இறங்கி அப்புறம் ஏறுகிற இடம் பக்கத்தில் எது? ஏற்காட்டில் கிளியூர் அருவி. ஒத்திகைக்கு ஞாயிற்றுக்கிழமை குறித்தாயிற்று.

ரெண்டு பேருக்கு எட்டு லிட்டர். காலி கூல்டிரிங்ஸ் பாட்டில் நாலில் தளும்பத் தளும்பப் பிடித்து முதுகுப்பையில் அடுக்கினார். "எதுக்குங்க?" என்றால், "பாலைவனத்துல போய்க் கத்துக்க முடியாது" என்றார். அந்தப் பையை நான் ஒரு கையால் தூக்கிப் பார்த்தேன். அது அசையவில்லை, என் தோள்பட்டைதான் அசைந்தது.

பஸ்ஸில் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு நான் ஜன்னலோரம். இவர் நடுவில், பை மடியில். இருபது கொண்டை ஊசி வளைவு. ஒன்று விட்டு ஒன்றில் எட்டு லிட்டரும் அந்தப் பக்கம் இருந்த பெரியவர் மேல் போய்ச் சாய்ந்தது. அவர் பாவம், பன்னிரண்டாவது வளைவுக்கு மேல் தானே இரண்டு கையாலும் பையைப் பிடித்துக்கொண்டார்.

அந்த வாரம் மழை பெய்திருந்தது. அருவியில் நல்ல தண்ணீர், காற்றில் சாரல், படியெல்லாம் ஈரம். இவர் இளவட்டம் மாதிரி விறுவிறுவென்று இறங்கினார். நடுநடுவே நின்று, காலை எப்படி வைக்க வேண்டும் என்று எனக்கு வகுப்பு வேறு. கீழே நின்று நாலு போட்டோ. அந்தக் குளிரில் யாருக்குத் தாகம் எடுக்கும்? ஒரு மடக்குக்கூடக் குடிக்கவில்லை. எட்டு லிட்டரும் அப்படியே மேலே ஏற வேண்டும்.

முப்பது படி ஏறியிருப்பார். உட்கார்ந்துவிட்டார். சட்டை தொப்பல், அது சாரலா வியர்வையா என்று நான் கேட்கவில்லை. வேர்க்கடலைக் கூடையோடு மேலே போய்க்கொண்டிருந்த ஒரு அம்மா நின்று பார்த்தார். அவருக்கு எங்களைவிடப் பத்து வயது கூட இருக்கும், மூச்சு வாங்கவே இல்லை.

"ஏஞ்சாமி, பையில கல்லா?"

"தண்ணிங்க."

அந்த அம்மா அருவியைப் பார்த்தார். அப்புறம் பையைப் பார்த்தார்.

"அருவிக்குத் தண்ணி கொண்டாந்தீங்களா?"

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. படியிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். இவர் ஒன்றும் பேசாமல் மூன்று பாட்டிலைத் திறந்து, ஏற்கெனவே நனைந்து நின்ற ஒரு செடிக்கு ஆறு லிட்டர் அபிஷேகம் செய்தார். நாலாவதை மட்டும் விடவில்லை. அது மானப் பிரச்சினை. மேலே வந்து மிளகாய் பஜ்ஜி தின்று காரம் ஏறியபோது அதற்கும் ஒரு வேலை கிடைத்தது.

சாயங்காலம் மாப்பிள்ளையிடம், "ஒத்திகை நல்லபடியா முடிஞ்சது" என்று அறிக்கை கொடுத்தார். நான் பின்னால் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"சரிங்க மாமா, ஸ்வெட்டர் மட்டும் மறக்காதீங்க. ராத்திரி குளிரும், அந்த இடமே 6,500 அடி உயரம்."

இவர் பேச்சே நின்றுபோனது. ஏற்காடே ஐயாயிரம் அடியைத் தொடாது. உச்சியில் இருக்கும் சேர்வராயன் கோயில்கூட 5,300 சொச்சம்தான். தெரு முழுக்க ஒரு மாதமாக 'பாலைவனத்து அனலுக்குப் போறோம்' என்று சொல்லி வைத்திருக்கிறார்.

டைரியில் 'தண்ணீர் 4 லிட்டர்' என்பதற்குக் கீழே 'மங்கி குல்லா – 2' என்று ஏறியது. பரணிலிருந்து நான்தான் எடுத்துக் கொடுத்தேன், ஒரே ரசகற்பூர வாசம். சேலத்துப் புழுக்கத்தில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து, அதைக் காது வரை இழுத்து மாட்டி, அளவு சரியா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.