வுடி வில்லியம்ஸின் பதக்கம்

பிப்ரவரி 19, 2025, புதன்

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானின் இவோ ஜிமா தீவைப் பிடிக்க அமெரிக்கா தொடங்கிய சண்டைக்கு இன்றோடு 80 வருடம். சுமார் 21 சதுர கிலோமீட்டர் எரிமலைச் சாம்பல் தீவு. ஜப்பானிய வீரர்கள் தரைக்கு மேலே நின்று சண்டை போடவில்லை. தளபதி குரிபயாஷியின் உத்தரவுப்படி சுரங்கம் தோண்டி, கான்கிரீட் பங்கர்களுக்குள் காத்திருந்தார்கள். அமெரிக்கத் தரப்பில் மட்டும் ஏறத்தாழ 7,000 பேர் செத்தார்கள்.

அங்கே போன ஹெர்ஷல் வில்லியம்ஸ் என்ற மரைனைப் (கடலிலிருந்து கரையேறிப் போரிடும் அமெரிக்கப் படையின் வீரர்) பற்றித்தான் இந்த நாட்களில் படித்துக்கொண்டிருக்கிறேன். எல்லோருக்கும் அவர் வுடி.

பிப்ரவரி 21, வெள்ளி

மேற்கு வர்ஜீனியாவில் பால் பண்ணைக் குடும்பம். 11 பிள்ளைகளில் கடைக்குட்டி. 11 வயதில் அப்பா இறந்துவிட்டார். 1942-ல் மரைன் படையில் சேரப் போனபோது, உயரம் போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஐந்தடி ஆறங்குலம்தான். அடுத்த வருடம் விதியைத் தளர்த்தியதும் மறுபடி போய்ச் சேர்ந்தார்.

படைக்குப் போகுமுன் டாக்ஸி ஓட்டினார். போரில் மகன் இறந்த செய்தி தந்தியில் வரும். அதை வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொடுப்பதும் அவர் வேலை. தந்தி என்றாலே வீடு பதறிய காலம் நம் ஊரிலும் இருந்ததுதானே. இருபது வயதுகூட ஆகாத பையன், கதவு திறக்கும் அம்மாவின் முகத்தைப் பார்த்து அதை நீட்ட வேண்டும். அவருடைய பிற்கால வாழ்க்கை முழுவதும் அந்த வாசல்களிலிருந்து கிளம்பியது என்றே நினைக்கிறேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

1945-ல் இதே நாள். தீவின் சூரிபாச்சி மலையில் அமெரிக்கக் கொடி ஏறியதும் அன்றுதான். அந்தப் புகைப்படம் உலகத்துக்கே தெரியும்.

வுடியின் படைப்பிரிவை பங்கர் வரிசை ஒன்று நகரவிடாமல் தடுத்து வைத்திருந்தது. டாங்கிகளாலும் வழி திறக்க முடியவில்லை. நெருப்பைப் பீய்ச்சும் கருவியான ஃபிளேம்த்ரோவரோடு போகிறாயா என்று கேட்டார்கள், போனார். எரிபொருள் நிரப்பிய கருவி முதுகில் 30 கிலோவுக்கு மேல் கனக்கும். விடாமல் அழுத்தினால் எரிபொருள் சீக்கிரமே தீர்ந்துவிடும். குண்டு துளைக்கும் வெளியில் ஊர்ந்து திரும்பி வந்து, அடுத்ததை மாட்டிக்கொண்டு மறுபடி போக வேண்டும். ஒரு பங்கரின் மேலேயே ஏறி, காற்றுப் போகும் ஓட்டைக்குள் குழாயை நுழைத்தார். இன்னொரு இடத்தில் ஜப்பானியர்கள் துப்பாக்கி முனைக் கத்தியோடு அவரை நோக்கிப் பாய்ந்தார்கள். நாலு மணி நேரம் இப்படியே போனது. அப்போது அவருக்கு 21 வயது.

நெருப்பில் வெந்தவர்களும் மனிதர்கள்தான். வுடிக்கும் அது தெரியும். ஊர் திரும்பிய பிறகும் பல வருடம் கெட்ட கனவு விடவில்லை.

அவருக்குக் காவலாகச் சுட்டுக்கொண்டு வந்தவர்கள் நாலே பேர். அதில் இரண்டு பேர் அன்றே இறந்தார்கள்.

பிப்ரவரி 24, திங்கள்

1945 அக்டோபர் 5. அதிபர் ட்ரூமன் வெள்ளை மாளிகையில், அமெரிக்காவின் மிக உயர்ந்த ராணுவ விருதான மெடல் ஆஃப் ஆனரை வுடிக்கு அணிவித்தார். மரைன் படைத் தலைவர் வாண்டெகிரிஃப்ட், இது உன்னுடையது இல்லை, திரும்பி வராத மரைன்களுடையது, இதற்குக் களங்கம் வராமல் பார்த்துக்கொள் என்ற பொருளில் சொன்னார். வுடி அதை அப்படியே எடுத்துக்கொண்டார். அந்த இரண்டு பேருக்காகத்தான் இதை அணிகிறேன் என்று கடைசிவரை சொல்லிவந்தார்.

மார்ச் 1, சனி

அப்புறம் 33 வருடம் முன்னாள் படைவீரர் நலத்துறையில் வேலை. ஓய்வூதியம், சிகிச்சை, விண்ணப்பம் என்று திரும்பி வந்தவர்களின் வேலைகளைப் பார்த்தார். அந்த நாலு மணி நேரத்தைவிட இந்த 33 வருடம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. துணிச்சல் ஒரு நாளில் வந்துவிடலாம். இதற்கு தினமும் காலையில் எழுந்து போக வேண்டும்.

வயதான பிறகு, மகனை இழந்த அம்மாக்களுக்கான ஒரு கூட்டத்தில் ஓர் அப்பா அவரிடம், அப்பாக்களும் அழுகிறோம் என்று சொன்னாராம். அதன்பின் வுடி ஓர் அறக்கட்டளை தொடங்கி, இறந்த வீரர்களின் குடும்பங்களுக்கென்றே நினைவுச்சின்னம் எழுப்ப ஆரம்பித்தார். முதலாவது 2013-ல் அவருடைய மாநிலத்திலேயே திறக்கப்பட்டது. கறுப்புக் கிரானைட் பலகைகள். நடுவில், சல்யூட் அடிக்கும் வீரனின் வடிவத்தில் கல்லை வெட்டி எடுத்து வெற்றிடமாக விட்டிருக்கிறார்கள். அமெரிக்கா முழுக்க இன்று நூற்றுக்கும் மேல் நிற்கின்றன. 98 வயதில், 2022 ஜூன் 29 அன்று இறக்கும்வரை அதற்காக ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார்.