நிற்க

புதுப் பத்தி தொடங்கும்போது ஒரு விரல் இடம் விட்டு எழுத வேண்டும் என்று சின்ன வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்து விடுகிறோம். நான்காம் ஆண்டு வகுப்பில் என்னிடம் வந்த ஒரு பையன், பக்கத்தில் உள்ள எல்லா வரிக்கும் ஆள்காட்டி விரலை வைத்து அளந்து அளந்து எழுதிக்கொண்டிருந்தான். இடது ஓரம் முழுவதும் ஒரு விரல் உள்ளே தள்ளி, கோடு கிழித்ததுபோல நேராக நின்றது.

"ஏன்யா எல்லா வரிக்கும் விரல் வைக்கிற?"

"எல்லாமே புதுசாத்தானே எழுதுறேன் டீச்சர்."

சிரித்துவிட்டேன். சாயங்காலம் வீட்டில் நோட்டுகளைத் திருத்த உட்கார்ந்தபோது அந்தச் சிரிப்பு வரவில்லை. பத்திக்கு முன்னால் எவ்வளவு இடம் விட வேண்டும் என்று அவனுக்குச் சொன்ன நாங்கள், பத்தி என்றால் என்ன என்று சொல்லவே இல்லை.

நான் வேலை செய்வது மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில். ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகும் பழைய சாலையில் இருக்கும் ஊர். அங்கங்கே சுண்ணாம்புக் குன்றுகள், ஒரு காலத்தில் எங்கு பார்த்தாலும் கித்தா என்னும் ரப்பர் மரம், இப்போது பார்க்கும் பக்கமெல்லாம் செம்பனை. எங்கள் பள்ளியும் முன்பு தோட்டத்துக்குள் இருந்ததுதான். மாணவர் தொகை 150-ஐ எட்டாததால் அரசாங்கக் கணக்கில் அது குறைந்த மாணவர் பள்ளி. என் வகுப்பில் 11 பேர். பட்டணத்துப் பள்ளிகளில் வேலை செய்யும் தோழிகள் கொடுத்துவைத்தவள் என்பார்கள். திருத்தும் நாளில் எனக்கும் அப்படித்தான் தோன்றும்.

ஆனால் 11 பேர் எழுதினாலும் வந்து சேர்வது ஒரே கட்டுரை. "காலைக் கதிரவன் தன் பொற்கதிர்களைப் பரப்பினான். பறவைகள் கீச்சிட்டன." சுற்றுலாவா, சாலை விபத்தா, கோவில் திருவிழாவா, எதுவானாலும் முதல் ஆளாகக் கதிரவன் வந்துவிடுவான். நள்ளிரவில் வீடு புகுந்த திருடனைப் பற்றிய கதையில்கூட ஒருத்தி கதிரவனை எழுப்பிவிட்டிருந்தாள். நண்பர்கள் என்று ஒரு சொல் வந்தால் போதும், பின்னாலேயே நகமும் சதையும் வந்து நிற்கும்.

இதில் பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது. நல்ல தொடக்கங்கள், நல்ல முடிவுகள் என்று தாள் தயாரித்து, நகலெடுத்து, மனப்பாடம் செய்யச் சொன்னவளே நான்தான். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதும் அரசாங்கத் தேர்வு யூ.பி.எஸ்.ஆர். 1988-இல் தொடங்கிய அதை 2021-இல் நிறுத்தினார்கள். அதுவரை ஆறாம் ஆண்டு ஆசிரியர் ஒவ்வொருவரின் மேசையிலும் அப்படி ஒரு தாள் இருந்திருக்கும். அந்தத் தாளால் புள்ளிகள் கிடைத்தன என்பதையும் மறைக்கக் கூடாது. தேர்வு போய்விட்டது, தாள் போகவில்லை. இப்போது வகுப்பறை மதிப்பீட்டில் அடைவுநிலை 1 முதல் 6 வரை கணக்குப் பார்த்துப் பதிகிறோம். அங்கேயும் கதிரவன் தவறாமல் உதிக்கிறான்.

இன்னொரு சிக்கல் தமிழிலேயே இருக்கிறது. வினையெச்சம் என்று ஒன்றை நம் மொழி கொடுத்துவைத்திருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டால் ஒரு பிள்ளைக்கு முற்றுப்புள்ளியே தேவைப்படாது. எழுந்து, பல் துலக்கி, குளித்து, பசியாறி, வேனில் ஏறி, பள்ளிக்கு வந்து, சபைகூடலில் நின்று, தேசிய கீதம் நெகாராக்கூ பாடி, வகுப்புக்குப் போய் என்று ஒரு பையன் மதியம் வரை ஒரே வாக்கியத்தில் வந்து சேர்ந்தான். இலக்கணப்படி பிழை சொல்ல முடியாது. மலாயில் அவன் இப்படி எழுத மாட்டான். அந்த மொழி அவனை நடுநடுவே நிறுத்திவிடும். தமிழில் நாம்தான் நிறுத்திக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அவனுக்கு அடுத்த மேசையில் இருந்தவள் நேர்மாறு. குட்டிக் குட்டி வாக்கியங்களாக எழுதி, எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு 'மேலும்' வைத்திருப்பாள். ஒரு தவணை முழுக்க என் வகுப்பில் 'மேலும்' தடைசெய்யப்பட்டிருந்தது. உடனே 'அதோடு' கிளம்பியது. சரி, அது வேறு கதை.

முதன்மைக் கருத்து, துணைக் கருத்து, விளக்கம், சான்று என்று வெண்பலகையில் கட்டம் போட்டுக் காட்டினேன். கட்டத்தை அழகாக வரைந்தார்கள், வண்ணமும் தீட்டினார்கள். பத்தி மட்டும் வரவில்லை.

வழி கிடைத்தது அம்மாவின் தகரப் பெட்டியில். அம்மா தோட்டத்துப் பள்ளியில் படித்தவர். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி இருக்க வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. அப்படிப் பிறந்த பள்ளிகளில் பலவற்றில் ஆட்களை மேய்க்கும் கங்காணியோ கணக்கெழுதும் கிராணியோதான் வாத்தியார். எழுத்து, கொஞ்சம் கணக்கு, ஊருக்கு ஒரு கடிதம் எழுதும் அளவுக்குப் படிப்பு. அம்மாவின் காலத்தில் முறையான ஆசிரியர்கள் வந்துவிட்டார்கள், ஆனாலும் கடிதம்தான் படிப்பின் உச்சி. அவர் எழுதி, அனுப்பாமல் விட்ட சில கடிதங்கள் பெட்டியில் இருந்தன. முற்றுப்புள்ளி கிடையாது, விரல் இடைவெளி கிடையாது. நலம், நலமறிய ஆவல். பெரியம்மாவின் காய்ச்சல், அதற்குக் கொடுத்த மருந்து, இப்போது கஞ்சி குடிக்கிறார் என்ற சேதி. அப்புறம் 'நிற்க' என்று ஒரு சொல். அதன்பிறகு தங்கச்சியின் கல்யாணப் பேச்சு. அது முடிந்ததும் மறுபடி 'நிற்க'. காய்ச்சல் ஒருபோதும் கல்யாணத்துக்குள் நுழையவில்லை.

மறுநாள் ஒரு கடிதத்தை வகுப்பில் படித்துக் காட்டினேன். "நிற்கன்னா யாரை நிக்கச் சொல்றாங்க டீச்சர்?" என்று ஒரு பிள்ளை கேட்டது. இதுவரை சொன்ன பேச்சு அங்கே நிற்கட்டும், இனி வேறு பேச்சு என்று சொல்கிறார்கள் என்றேன். "பாட்டி உன்கிட்டப் பேசும்போது எந்த இடத்துல பேச்சை மாத்துவாங்க?" என்று கேட்டால் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அந்த வாரம் வந்த கட்டுரைகளில் வாக்கியத்துக்கு வாக்கியம் 'நிற்க' நின்றது என்பதையும் சொல்லிவிட வேண்டும். திருத்தித் திருத்திக் கை வலித்தது. ஆனால் பத்தி என்பது பேச்சு மாறும் இடம் என்று பிடித்துக்கொண்டார்கள். சொல்லை எடுத்துவிட்டு அங்கே விரலை வையுங்கள் என்று அப்புறம் சொன்னபோது யாரும் எல்லா வரிக்கும் விரல் வைக்கவில்லை.

பேச்சு எங்கே மாறுகிறது என்று தெரிந்தாலும் எந்த வாக்கியம் எந்தப் பேச்சைச் சேர்ந்தது என்பது தனிப் பாடம். அதற்கு ஒரு விளையாட்டு வைத்திருக்கிறேன். ஒரு பத்தியை வாக்கியம் வாக்கியமாக நறுக்கி, ஒட்டாத வாக்கியம் ஒன்றையும் கலந்து, உறையில் போட்டுக் கொடுப்பேன். அடுக்க வேண்டும், ஒட்டாததை வெளியே எடுக்க வேண்டும். அன்று தைப்பூசம். ஈப்போ கல்லுமலைக் கோவிலுக்குப் போவது, காவடிகள், தண்ணீர்ப் பந்தல், கூட்டம். நடுவில் நான் சொருகியது: 'என் அண்ணன் சிங்கப்பூரில் வேலை செய்கிறான்.'

பத்துப் பேர் அண்ணனை வெளியே எடுத்துவிட்டார்கள். ஒருத்தி எடுக்கவில்லை. அவனைக் கோவிலுக்குப் போகும் வாக்கியத்துக்கு அடுத்து ஒட்டியிருந்தாள். தப்பு என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"அண்ணன் லீவு போட்டுட்டுத் தைப்பூசத்துக்குத்தான் டீச்சர் வருவான். அவன் வந்தாத்தான் நாங்க கோவிலுக்கே போவோம். கார் அவன்கிட்டத்தானே இருக்கு."

அவள் வீட்டில் அந்த வாக்கியம் இல்லாமல் தைப்பூசமே இல்லை. "இப்பச் சொன்னதை அண்ணனுக்குப் பக்கத்துல எழுதும்மா" என்றேன். எழுதினாள். அண்ணன் பத்தியில் ஒட்டிக்கொண்டான். ஒட்டாத வாக்கியம் என்று நான் முடிவு கட்டியது, காரணம் எழுதப்படாத வாக்கியமாகத்தான் இருந்தது. அன்றிலிருந்து திருத்தும்போது 'பொருந்தவில்லை' என்று ஓரத்தில் எழுதுவதை விட்டுவிட்டேன். 'இது ஏன் இங்கே வந்தது?' என்று எழுதுகிறேன். பாதிப் பிள்ளைகள் பதில் எழுதுகிறார்கள், மீதிப் பேர் வாக்கியத்தை அடித்துவிடுகிறார்கள். இரண்டுமே எனக்குச் சம்மதம்.

விரல் வைத்த பையனிடம் நான் செய்த தப்பு ஒன்று மிச்சம் இருக்கிறது. அவன் பாட்டி இன்னும் பால் மரம் வெட்டுகிறார், அதாவது கித்தா மரப் பட்டையைக் கீறிப் பால் எடுக்கிறார். தோட்டத்தில் அல்ல, ஒருவருடைய சிறு நிலத்தில், கிடைப்பதில் பாதிக்குப் பாதி. அதைப் பற்றி அவனாகவே எழுதிக்கொண்டு வந்தான். கதிரவன் இல்லை, பறவை இல்லை. 'பாட்டி இருட்டுலயே போவாங்க. வெயில் ஏறுனா பால் நின்னுடும். மழ வந்தா மங்க கவுத்து வச்சிட்டு வந்துருவாங்க.' மங்கு என்றால் மரத்தில் பால் வடியும் கிண்ணம். எனக்கு அப்போது கண்ணில் பட்டது பேச்சு வழக்கு மட்டும்தான். 'இருட்டிலேயே', 'ஏறினால்', 'நின்றுவிடும்', 'மழை', 'மங்கை', 'கவிழ்த்து' என்று ஒவ்வொன்றுக்கும் மேலே சிவப்பு மையில் எழுதினேன். நோட்டைத் திருப்பிக் கொடுத்தபோது எழுத்தைவிடச் சிவப்பு அதிகமாக இருந்தது. அடுத்த வாரம் அவன் கட்டுரையில் கதிரவன் உதித்தான்.

முதல் தடவை எழுதும்போது பேச்சுத் தமிழிலேயே வரட்டும் என்று இப்போது விட்டுவிடுகிறேன். சக ஆசிரியர்களில் சிலருக்கு இதில் உடன்பாடு இல்லை. எழுத்துத் தமிழ் கேட்பதற்கே இந்தப் பிள்ளைகளுக்கு வகுப்பறையை விட்டால் இடம் ஏது என்கிறார்கள். அந்தக் கேள்வியை அவ்வளவு லேசாகத் தள்ளிவிட முடியாது. அதனால் இரண்டாம் தடவை எழுதும்போது ல, ள, ழ எல்லாவற்றையும் பார்க்கிறேன், விடுவதில்லை. வரிசை மட்டும் மாறியிருக்கிறது.

பாட்டியைப் பற்றி மறுபடி எழுதச் சொல்லி அவனை இரண்டு வாரம் கெஞ்ச வேண்டியிருந்தது. கடைசியில் ஒரு வியாழக்கிழமை, ஓய்வு நேரத்துக்கு மணி அடித்து மற்றவர்கள் சிற்றுண்டிச்சாலைக்கு ஓடிய பிறகும், எழுதிக்கொண்டே இருந்தான். மழை பெய்தால் பாட்டி வேலைக்குப் போவதில்லை என்பது வரைக்கும் வந்திருந்தது. தலையை நிமிர்த்தினான்.

"மழ விட்டாலும் மரம் ஈரமா இருந்தா வெட்டக் கூடாது டீச்சர். பால் மங்குல விழாம பட்டையெல்லாம் ஓடிடும். இத எழுதணும். இது வேற பத்தியா?"

"நீயே சொல்லு."

கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்தான்.

"இல்ல டீச்சர், இதே பத்திதான். அதனாலதானே மழ விட்டும் பாட்டி வீட்டுல இருக்காங்க" என்று சொல்லிவிட்டு, விரல் வைக்காமல் அதே வரியில் தொடர்ந்து எழுதினான்.